முதல் கிளாஸ்

சென்ற மாதம் ஒரு காலையில் ராகுகாலம் பார்க்கக் காலண்டர் முன்னால் போய் நின்றேன். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன், எறும்பு எழுத்தாயிற்று. முன்னால் வந்தேன், எழுத்து மறுபடி எறும்பாயிற்று. நாற்பத்தைந்து தாண்டிய வேறு எவனாக இருந்தாலும் 'சரி, வெள்ளெழுத்து வந்துவிட்டது' என்று பல் தேய்க்கப் போயிருப்பான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆறேழு வருஷத்துக்கு முன்னால் கரமனை ஆற்றங்கரையில் குடித்த கள், வழியெல்லாம் விலாசம் விசாரித்துக்கொண்டு, இப்போதுதான் என் கண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று தோன்றியது.

"என்னத்துக்குத் தரையில இருக்கியோ?" என்று கேட்டாள் மனைவி.

"கண்ணு போச்சு."

"போனா போட்டு. தேங்கா திருவுறதுக்குக் கண்ணு வேண்டாம். எந்திரிங்கோ."

கண் டாக்டரிடம் போனேன். இந்த வயதில் எல்லோருக்கும் வருவதுதான் என்றார். கள்ளின் கதையைச் சொன்னேன். விஷமாக இருந்தால் இத்தனை வருஷம் காத்திருக்காது, அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று சிரித்தார். கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்தார். நான் இன்னும் வாங்கவில்லை. வாங்கினால் கிழவனாகிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகும். வாங்கியும் எழுத்து தெரியாவிட்டால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது என்றாகும். இந்த இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்தப் பயத்தை எனக்கு ஊற்றிக் கொடுத்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. அண்ணாச்சி என்போம். மலையாளிகள் அண்ணன் என்பார்கள். கரமனை ஆற்றங்கரையில் இருந்த கள்ளுக்கடையில் ஊற்றிக் கொடுப்பவர். நாஞ்சில்நாட்டுக்காரர் என்பது பேச்சில் தெரியும். ஒவ்வொரு ஏலத்திலும் கடையை எடுக்கும் காண்டிராக்டர் மாறுவான். பெஞ்சுகளையும் அண்ணாச்சியையும் மட்டும் யாரும் மாற்றவில்லை. கடைக்குப் பின்னால் கூரையைச் சரித்து இறக்கிய சாய்ப்பில்தான் அவர் குடியிருப்பு.

நான் அப்போது சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு மளிகை மொத்தக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாய், ஊசி, ஏணி, மாமனார் எல்லாவற்றுக்கும் பயம். அப்படிப்பட்டவன் கள்ளுக்கடைக்கு எப்படிப் போனான் என்று கேட்கலாம். பயத்துக்கு மருந்து என்று எவனோ சொன்னான். முதல் நாள் போனபோது கள் வண்டி வந்து பீப்பாய் இறங்கியிருந்தது. பெஞ்சுகளில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ஆனால் ஒருவர் கையிலும் கிளாஸ் இல்லை. கல்யாணப் பந்தலில் மாப்பிள்ளைக்குக் காத்திருப்பது போல எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சி பீப்பாயிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்தார். நின்றபடியே முழுவதையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில் ஒரு குடைக்கடைக்காரர் வருஷா வருஷம் கொடுக்கும் காலண்டர். மேலே விரித்த குடையின் கீழே ஒரு சிரிக்கும் பெண். எல்லாவற்றுக்கும் அடியில் பொடிப்பொடியாக இரண்டு வரி விளம்பரம். அண்ணாச்சி அசையாமல் இருந்தார். கடையும் அசையவில்லை.

"எந்தரு அண்ணா இது, பரீட்சையா? தொண்ட காஞ்சு போயி கேட்டோ," என்றான் மூட்டைச் சுமடு தூக்கும் மணியன்.

"மொதல்ல எனக்க கண்ணு. பொறவுதான் ஒனக்க தொண்ட," என்றார் அண்ணாச்சி.

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு அண்ணாச்சி தலையை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்க அந்தப் பொடி எழுத்தை வாசித்தார்: "குடை ரிப்பேர் செய்து தரப்படும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை."

அவ்வளவுதான். கடை மூச்சு விட்டது. கிளாஸ்கள் நகர்ந்தன. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தன. நான் மணியனிடம் இது என்ன சடங்கு என்று கேட்டேன். கள்ளில் கண்டதைக் கலந்தால் முதலில் போவது கண் என்றும், அண்ணன் வாசித்துவிட்டால் பீப்பாய் நல்ல பீப்பாய் என்றும் மணியன் சொன்னான். என் கையிலிருந்த கிளாஸை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வேறு எவனாவது இருந்தால் அதைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். எனக்கோ, நமக்கு முன்னால் பயப்படுவதற்கு என்றே ஓர் ஆள் அமர்த்தியிருக்கிறார்கள் என்ற ஆறுதல் தோன்றியது. இப்படி ஓர் ஏற்பாடு ரயில்வேயில்கூடக் கிடையாது.

அண்ணாச்சி இரண்டாவது கிளாஸ் குடித்து யாரும் பார்த்ததில்லை. "ருசிக்காகக் குடிக்கது வேற, காவலுக்குக் குடிக்கது வேற," என்பார். முந்தின நாள் குடித்துவிட்டுப் போனவன் மறுநாள் வந்தால் வாசலிலேயே நிறுத்துவார். விரல்களை நீட்டி, "எத்தன?" என்பார். சரியாகச் சொன்னால்தான் உள்ளே போகலாம். என் கூட வந்துகொண்டிருந்த திருநெல்வேலி டெய்லர் ஒருநாள் விளையாட்டுக்கு மூன்றை நாலு என்று சொல்லிவிட்டார். அண்ணாச்சி அவரை அன்றைக்கு உள்ளே விடவில்லை. "நாளைக்கு நல்ல கண்ணோட வாரும்," என்று அனுப்பிவிட்டார். டெய்லர் ஆற்றங்கரையில் நின்று கெஞ்சிப் பார்த்தார். பலிக்கவில்லை.

அவர் கண்ணைப் பற்றிக் கடையில் பெரிய மதிப்பு இருந்தது. தட்டி வாசலுக்கு நான் வருவதற்கு முன்பே, "சாலைக்காரரே, வாரும்," என்பார். யார் எந்தப் பெஞ்சில் எந்த ஓரம் என்பதெல்லாம் பாராமலே சொல்வார். ஒரு தடவை மட்டும், மீன்கறியை என் தட்டில் ஊற்றுவதற்குப் பதில் என் மடியில் ஊற்றினார். சட்டியைப் பிடித்த கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன். அந்த வேட்டிக் கறைக்கு வீட்டில் சொல்ல ஒரு காரணம் தேடி நான் பட்ட பாட்டில் வேறு எதையும் யோசிக்கத் தோன்றவில்லை.

இந்தச் சடங்கு எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. விதுரா பக்கம் மலையடிவாரத்தில் முன்னொரு காலத்தில் ஒரு கடையில் இருந்தார், அங்கே என்னவோ நடந்தது என்று மணியன் சொல்வான். என்ன நடந்தது என்று கேட்டால் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

பிறகு அந்த நாள் வந்தது. அந்த வருஷம் புதுக் காண்டிராக்டர் கடையை எடுத்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலை பத்தரை மணி வாக்கில் பக்கத்து டீக்கடை ரேடியோவில் செய்தி. வடக்கே ஏதோ ஓர் ஊரில் விஷம் கலந்ததைக் குடித்துப் பலர் செத்திருக்கிறார்கள், பிழைத்தவர்கள் பலருக்குக் கண் போயிருக்கிறது. நான் முந்தின நாள் மத்தியானம்தான் ஆற்றங்கரையில் இரண்டு கிளாஸ் விட்டிருந்தேன். மளிகைக் கடையில் உட்கார்ந்தபடி ஒரு கண்ணை மூடிப் பெருங்காய டப்பாவை வாசித்தேன். மறு கண்ணை மூடி வாசித்தேன். மறுபடி அந்தக் கண். மல்லி வாங்க வந்து நின்ற ஓர் அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "ஒங்க கணக்குப்பிள்ள எனக்குக் கண்ணடிக்காரு."

முதலாளி எழுந்து வருவதற்குள் நான் தெருவில் இருந்தேன். பழவங்காடிக் கோவில் வழியாக ஓடும்போது பிள்ளையாரைக் கும்பிட்டேன். எந்தக் கண்ணால் பார்த்துக் கும்பிட்டேன் என்பது நினைவில்லை. பஸ்ஸில் ஏறியதும் வெளியே தெரிந்த கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

கள்ளுக்கடை வாசலில் பெரிய கூட்டம். நேற்றுக் குடித்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் குடிக்க வரவில்லை. அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். நேற்று முதல் கிளாஸ் அவருடையது அல்லவா. அவருக்கு ஒன்றுமில்லை என்றால் நமக்கும் ஒன்றுமில்லை. டெய்லர் ஒரு மூலையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கோத்ததும் உருவினார். மறுபடி கோத்தார். அவர் உதடுகள் நடுங்கின, ஊசி நடுங்கவில்லை.

அண்ணாச்சி முக்காலியில் இருந்தார். காலடியில் எரிந்த தீக்குச்சிகள் நிறையக் கிடந்தன. அவர் பீடி குடிப்பவர் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"அண்ணா, ஒண்ணு வாசிக்கணும்," என்றான் மணியன். எப்போதும் கேலி செய்கிறவன் குரலில் அன்றைக்குக் கேலி இல்லை. "எனக்கு வீட்டில் மூணு பெண்மக்களு."

கூட்டம் அவர் முகத்தையே பார்த்தது. நான் ஒருவன் மட்டும் காலண்டரைப் பார்த்தேன். வீரம் ஒன்றும் இல்லை. அவர் வாசிக்கும் எழுத்து என் கண்ணுக்கும் தெரிகிறதா என்று சோதித்துவிடலாம் என்று ஒரு கெட்டிக்காரத்தனம்.

அண்ணாச்சி தலை நிமிர்ந்தார். "குடை ரிப்பேர் செய்து தரப்படும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறை."

கூட்டத்தில் ஒருவன் அழுதுவிட்டான். மணியன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். டெய்லர் ஊசியைச் சட்டைக் காலரில் குத்தினார். நான் மட்டும் இன்னொரு தடவை காலண்டரைப் பார்த்தேன். ஏனென்றால் என் கண்ணுக்குக் காலண்டரில் குடை தெரியவில்லை. குடையின் கீழே இருக்கவேண்டிய பெண்ணும் தெரியவில்லை. அந்த இடத்தில் வரிசையாக வளையல்கள் தெரிந்தன. கீழே இருந்த எழுத்தில் குடை என்ற சொல்லே இல்லை. ஆக, என் கண் போய்விட்டது. இத்தனை பேரில் எனக்கு மட்டும் போய்விட்டது. மாமனார் இனி என்னென்ன சொல்வார் என்பதெல்லாம்கூட வரிசையாகக் காதில் விழுந்தது.

மணியன் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "மணியா, அந்தக் காலண்டர்ல என்ன படம்?"

துண்டை விலக்கிப் பார்த்தான். "வளையல். நகைக்கடைக் காலண்டர். நேத்து வைகுந்நேரம் புது காண்டிராக்டரோட ஆள் வந்து மாட்டினது. பழையதைக் கழற்றிக் கொண்டு போயாச்சு. எந்தா?"

"ஒண்ணுமில்ல," என்றேன்.

என் கண் சரியாக இருந்தது. ஒரு நொடிக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் உலகத்தில் இல்லை. அடுத்த நொடியில் மிச்சம் புரிந்தது. இல்லாத காலண்டரை ஒருவர் வாசித்திருக்கிறார். அதை நம்பி இவ்வளவு பேர் வீட்டுக்குப் போகத் துண்டை உதறிக்கொண்டிருக்கிறார்கள். வாயைத் திறந்தால் அங்கே என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை வெளியில் இருப்பவர்கள் நிதானம் என்று நினைத்திருப்பார்கள்.

கூட்டம் கலைந்ததும் அண்ணாச்சி பின்பக்கம் போய் ஆற்றுப்படியில் உட்கார்ந்தார். நானும் போனேன்.

"சாலைக்காரரே, ஒம்ம செருப்பு இன்னைக்குத் தடுமாறுகு. என்ன காரியம்?"

"அண்ணாச்சி, காலண்டர் மாத்தியாச்சு."

அவர் உள்ளங்கையால் படியைத் தடவினார். பிறகு, "எப்பம்?" என்றார்.

"நேத்து சாயங்காலம்."

"எங்கிட்ட ஒருத்தன் சொல்லப்பிடாதா. என்ன படம்?"

"வளையல்."

"சவத்தப் போட்டு. குடை நல்லா இருந்துது."

உமக்குக் கண் போனது நேற்றைய கள்ளாலா என்று கேட்டேன்.  அவர் இல்லை என்று தலையசைத்தார். ஒரு கண்ணில் பூ விழுந்து பல வருஷம் ஆயிற்றாம். மறு கண்ணும் பின்னாலேயே போயிற்றாம். இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியுமாம்.

"அப்பம் இத்தன நாளா வாசிச்சது?"

"நல்லா கண்ணு தெரிஞ்ச காலத்துல தெனமும் வாசிச்சதுதானே. மறக்குமா?"

"எங்க யாருக்கும் தெரியலியே அண்ணாச்சி."

"நீங்க எல்லாரும் எனக்க மொகத்தயில்லா பாத்துட்டு இருந்தியோ. காலண்டர யாரு பாத்தா?"

எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வரும் கோபம், சத்தம் மட்டும் பெரிதாக இருக்கும். "நேத்து குடிச்சதுல ஒமக்குக் கண்ணு போயிருந்தா ஒமக்கே தெரியாதேவே," என்றேன்.

"தெரியும்," என்றார். மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். ஒரு குச்சியைக் கிழித்து இமை பொசுங்கிவிடும் அளவுக்குக் கண்ணருகே பிடித்தார். "இந்தா, செவப்பா ஒண்ணு தெரியுகு பாரும். ரேடியோல சொன்னதுலேந்து கிழிச்சிட்டேதான் இருக்கேன். எனக்கும் பயமில்லாம இருக்குமா?" சுடர் அவர் விரலைத் தொட்டது. அப்போதும் உடனே விடவில்லை.

விதுராவில் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "அங்க எனக்கு ரெண்டு கண்ணும் நல்லா இருந்துது. பீப்பாயத் தொறந்ததும் மணம் சரியில்ல. குடிச்சுப் பாருன்னு காண்டிராக்டர் ஆளு சொன்னான். எனக்குப் பயம். குடிக்கல்ல. ஊத்தி மட்டும் குடுத்தேன்." ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். ஆறு அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "அதக் குடிச்சுச் செத்ததுல ஒருத்தன் என்னை அண்ணாச்சின்னு கூப்பிட மாட்டான். மாமான்னுதான் கூப்பிடுவான். எனக்க அக்கா மவன்."

 வாயில் வேடிக்கை எதுவும் வராத சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் குறைவு. அது ஒன்று.

மத்தியானம் எக்சைஸ் ஜீப் வந்தது. சுற்று வட்டாரத்துக் கடைகள் எல்லாவற்றிலும் சோதனை. பீப்பாயிலிருந்து பாட்டில்களில் எடுத்துக்கொண்டு கடையை அடைத்து முத்திரை வைத்தார்கள். சாய்ப்பும் கடையோடு சேர்ந்ததுதானாம். அண்ணாச்சி ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். அவர் படியில் தடுமாறியபோது, காலையில் அழுதவன், "அண்ணனுக்கு மனசு சரியில்ல," என்றான். நான் கையைப் பிடித்து பஸ் ஸ்டாப் வரை கொண்டுவிட்டேன். எங்கே போகிறீர் என்று கேட்டேன். "வண்டி வரட்டும், பொறவு சொல்லுகேன்," என்றார். வண்டி வந்தது. ஏறும்போது திரும்பி விரல்களை நீட்டினார். "எத்தன?"

"ரெண்டு," என்றேன்.

கட்டைவிரலால் அந்த இரண்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரிதான். நல்லாரும்," என்றார். அந்த பஸ் எந்தப் பக்கம் போகிறது என்று முன்னால் எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை. அன்றைக்குக் காலையிலிருந்து வாசித்து வாசித்து அலுத்திருந்தேன் என்று சொல்லலாம். கண்ணில் தண்ணீர் நின்றது என்றும் சொல்லலாம்.

அந்தப் பாட்டில்களில் என்ன இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடை திறக்கவும் இல்லை. கண் டாக்டரிடம் அண்ணாச்சியின் பரீட்சையையும் சொல்லியிருந்தேன். அந்த மாதிரி விஷம் கண்ணைப் பிடிக்க அரைநாளாவது ஆகும், ஒரு கிளாஸ் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் சுவரை வாசிப்பதால் ஒன்றும் தெரியாது என்றார். ஆக, அவர் வாசித்ததும் வாசிப்பில்லை, வாசித்திருந்தாலும் உபயோகமில்லை. எங்களுக்கு முன்னால் அவர் தினமும் குடித்தார் என்பது மட்டும்தான் நிஜம். இத்தனை வருஷமும் நாங்கள் பிழைத்துக் கிடந்தது எதனால் என்று இப்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 

கடை இன்னும் அங்கேதான் நிற்கிறது. கூரை ஒரு பக்கம் சரிந்துவிட்டது. ஒயின் ஷாப் வரும் என்கிறான் ஒருவன். டுடோரியல் காலேஜ் என்கிறான் ஒருவன். இடித்துவிட்டு நாலு மாடி கட்டுவார்கள் என்றும் பேச்சு. மணியனும் டெய்லரும் சாயங்காலம் பூட்டிய கடையின் படியில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. எனக்கு இருக்கிறது, வீடு, ஆனாலும் வருவேன்.

போன வாரம் வந்தபோது கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பொடி எழுத்து. அடியில் நீல முத்திரை. இருவரும் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். மணியனுக்கு இப்போது கண்ணில் பூ. டெய்லருடைய கண்ணாடி உடைந்து, ஒட்டக் கொடுத்திருக்கிறார்.

"சாரே, வந்தது நன்னாயி," என்றான் மணியன். "பொளிச்சு இடிக்கப் போறாங்களா, திறக்கப் போறாங்களா? வாசிக்கணும்."

"சத்தமா வாசியும்வே," என்றார் டெய்லர்.

கிட்டே போனேன். எறும்பு. பின்னால் நகர்ந்தால் எழுத்தாகும். ஆனால் பின்னால் படி முடிந்து ஓடை. எறும்புகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளெழுத்துதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லியிருக்கிறார்தான். கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது. திரும்பினேன். இரண்டு பேரும் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

"குடை ரிப்பேர் செய்து தரப்படும்," என்றேன். "ஞாயிற்றுக்கிழமை விடுமுறை."

யாரும் சிரிக்கவில்லை. டெய்லர் நீளமாக மூச்சு விட்டார். மணியன் படியில் உட்கார்ந்து, கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான்.

இருட்டுவதற்கு முன்னால் எழுந்து வீட்டுக்கு நடந்தேன். முக்குக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிக்கொண்டேன். எனக்கு பீடி பழக்கம் கிடையாது.